பின்சீட்டில் இருந்தவர்கள்

பழைய கார் படம் ஒன்றை யாராவது நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும், நம் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து இதயம் போடுகிறீர்கள். "அந்தக் காலத்து இரும்புடா", "எங்க மாமா வச்சிருந்தாரு", "அந்த ஹாரன் சத்தம் இன்னும் காதுல கேக்குது". எனக்கு வாந்தி வருகிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை. வட்ட விளக்கும் பளபளக்கிற பம்பருமாக அந்தப் படம் திரையில் வந்ததுமே நாக்குக்கடியில் எச்சில் ஊறிவிடுகிறது. அறுபதைத் தாண்டியும் இது போகவில்லை. நான் மட்டும் ஒன்றும் போடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். எனக்குக் கைபேசி சரியாகப் பார்க்கத் தெரியாது என்று நீங்கள் பேசிக்கொள்வதும் தெரியும்.

போன மாதம் நம்மில் ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள். "உங்க பெரியப்பா வூட்லதான் பிளஷர் காரு இருந்துச்சே, நீ இன்னாடி ஒண்ணுமே எழுத மாட்டேன்ற?" சரி, எழுதுகிறேன். படித்துவிட்டு இதயம் போடுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ. எங்கள் வீடு மதுராந்தகத்தில், ஏரிக்கரைக்குப் பக்கத்தில். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, செங்கல்பட்டில் அரிசி மண்டி வைத்திருந்தார். பெரியம்மாவுக்குக் கல்யாணமாகி வெகு வருஷம் குழந்தை இல்லாமல் இருந்து, கோயில் குளமெல்லாம் ஏறி இறங்கி, அந்த வருஷம்தான் வயிற்றில் தங்கியிருந்தது. கோடை விடுமுறை தொடங்கியதும் அம்மா என்னைக் கொண்டுபோய் அங்கே விட்டாள். பெரியம்மாவுக்குத் துணையாக இருக்கவேண்டும், கூப்பிட்ட குரலுக்குப் போகவேண்டும், அவள் குனிந்து எதையும் தூக்கவிடக் கூடாது. இதுதான் என் வேலை. அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் அந்தக் கோடையில் வேறு பேச்சே இல்லை.

கார் பேச்சைத் தவிர.

வெண்ணெய் நிறத்தில் ஒரு சீமைக் கார். யாரோ ஒரு துரையிடமிருந்து கைமாறி கைமாறி பெரியப்பாவிடம் வந்தது. எந்த மெக்கானிக்கையும் அதைத் தொடவிட மாட்டார். தகரம் வெட்டும் கத்திரி, ரிவிட் அடிக்கிற சுத்தியல், பெயிண்ட் டப்பாக்கள், மண்ணெண்ணெயில் ஊறிய துணி எல்லாம் அவரே வைத்திருந்தார். மண்டியிலிருந்து வந்ததும் முதலில் கார் நிற்கும் கொட்டகைக்குத்தான் போவார். காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால் பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் வீட்டுக்குள் வந்து, "இன்னா, சாப்ட்டியா?" என்று பெரியம்மாவைக் கேட்பார். அந்தக் கேள்வியைக்கூடக் கையைத் துடைத்தபடி துணியைப் பார்த்துத்தான் கேட்பார்.

காரில் ஏறுவதற்கு விதிகள் இருந்தன. செருப்பைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொள்ளவேண்டும். காலை ஈரத்துணியால் துடைக்கவேண்டும். உள்ளே எதுவும் தின்னக் கூடாது. கண்ணாடியில் தலை சாய்க்கக் கூடாது, எண்ணெய்க் கறை பிடித்துவிடும். பின்பக்க ஜன்னல்களை யாரும் இறக்கிவிடக் கூடாது என்பதற்காக, கண்ணாடியைச் சுற்றி இறக்குகிற கைப்பிடிகளையே கழற்றி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். இவ்வளவுக்கும் அவர் பயந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்: உப்புக்காற்று.

உப்புக்காற்றுக்கு அவ்வளவு பயந்தவர் ஏன் ஞாயிறுதோறும் மகாபலிபுரத்துக்குப் போனார் என்று கேட்பீர்கள். மற்றவர்கள் வருவார்களே! அவரைப்போலவே கார்ப் பைத்தியம் பிடித்த இரண்டு மூன்று பேர் கடற்கரையில் கூடுவார்கள். எல்லாக் கார்களும் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும், இல்லாவிட்டால் முகப்பு துருப்பிடிக்குமாம். மேலே தார்ப்பாய். மனிதர்களும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார்கள். அவ்வளவு பெரிய கடல் பின்னால் கிடந்து கத்திக்கொண்டிருக்க, கார்பரேட்டரைப் பற்றிப் பொழுது சாயும் வரைக்கும் பேசுவார்கள். பெண்டாட்டிமார் தள்ளி, சவுக்கு நிழலில், ஒரு ஜமக்காளத்தில். காருக்கென்று நல்ல தண்ணீர் பால் கேனில் வந்திருக்கும். கிளம்பும் முன் சக்கரத்தையும் அடிப்பாகத்தையும் அதில் அலசுவார்கள். ஒருமுறை பெரியம்மா அதிலிருந்து ஒரு வாய் குடிக்கக் கேட்டாள். "வூட்டுக்குப் போனா தண்ணியே இல்லியா?" என்றார் பெரியப்பா. நண்பர்கள் சிரித்தார்கள். பெரியம்மாவும் சேர்ந்து சிரித்தாள், அதை நினைத்தால்தான் இன்னும் எனக்கு எரிகிறது.

அந்தக் கோடையில் அவருடைய பயம் முற்றிவிட்டது. சைக்கிள் டியூபை நீளநீளமாக வெட்டிக் கதவு இடுக்குகளில் எல்லாம் ஒட்டினார். பின்கண்ணாடி ஓரங்களில் மெழுகை உருக்கி ஊற்றினார். தரையில் கிடந்த பழைய ரப்பர் விரிப்பின் மேலேயே மெரூன் நிறத்தில் கம்பளம் போட்டார், பெரிய மனிதர் வீட்டுக் கூடத்தில் இருக்குமே, அந்த மாதிரி. பின்சீட்டில் நானும் பெரியம்மாவும். முன்னால் அவர் மட்டும். அவர் பக்கத்துக் கண்ணாடி ஒரு சாண் இறங்கியிருக்கும். முழங்கையை வெளியே வைத்து சிகரெட் பிடிப்பதற்கு.

திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் எனக்கு ஆரம்பித்துவிடும். முதலில் நெற்றிப்பொட்டில் இடிக்கும். அப்புறம் வெயிலில் வெந்த ரெக்ஸின் நாற்றம், பாலிஷ் நாற்றம், பாச்சா உருண்டை நாற்றம், இதற்கெல்லாம் அடியில் சூடான, கரித்துணி பற்றிக்கொண்டது மாதிரி ஒரு புகை நாற்றம். வாய்க்குள் காசைப் போட்டுச் சப்பிய ருசி. என் மடியில் ஒரு காலிப் பெயிண்ட் டப்பாவை வைத்திருப்பார்கள். அதில்தான் எடுக்கவேண்டும். அந்த டப்பாவின் உள்ளே மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை அவ்வளவு அருகில் பார்த்துப் பார்த்து, இன்றைக்கும் அந்தப் பச்சையில் நான் புடவை எடுப்பதில்லை.

"பொகை வாசனை வருது பெரியப்பா."

"ஒனக்கு எப்பப் பாரு ஒரு வாசனை. காலைல எத்தினி இட்லி துன்ன?"

அடுத்த ஞாயிறு எனக்கு இட்லி கிடையாது. வெறும் வயிற்றோடு ஏறினேன். அப்போதும் எடுத்தேன், மஞ்சளாகப் பித்தம். அதற்கடுத்த வாரம் எலுமிச்சம்பழம் கொடுத்து முகரச் சொன்னார்கள். எடுத்தேன். எனக்கு வாந்திக்காரி என்று பெயர் வந்தது. பெரியம்மாவுக்கும் தலைவலி, மயக்கம், குமட்டல். அவள் விஷயத்தில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மாசமாக இருக்கிறவள் வாந்தி எடுப்பது மசக்கை, தீனி தின்கிற பிள்ளை வாந்தி எடுப்பது அஜீரணம். ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில், ஒரே டப்பாவில் இரண்டு பேர் எடுக்கிறோமே என்று ஒரு பெரிய மனிதருக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை ஆனால் இரண்டு பேருக்கும் சரியாகிவிடுகிறதே என்றும் தோன்றவில்லை.

பெரியம்மாவுக்குச் சத்துக்காக மெட்ராஸிலிருந்து ஒரு மாவு வாங்கியிருந்தார்கள். பாலில் கரைத்துக் குடிக்கிற மாவு. அது வந்த டப்பாதான் எனக்கு முக்கியம். ஊதா நிறத் தகரத்தில் மஞ்சள் பூங்கொடி, நடுவில் ஒரு கிளி, கிளியின் வாயில் ஒரு சிவப்புப் பழம். கடற்கரையில் நான் பொறுக்கிய சிப்பிகளைப் போட்டுவைக்க அது எனக்கு வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். "மாவு தீரட்டும்டி, ஒனக்குத்தான்" என்று பெரியம்மா என் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தாள். தினமும் மூடியைத் திறந்து எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். பாதிக்கு வந்திருந்தது.

அந்தக் கடைசி ஞாயிறு கடற்கரையிலிருந்து திரும்பும்போது, செங்கல்பட்டு ஊருக்குள் நுழையும் முன் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பாடு என்று ஓடவிட்டே வைத்திருந்தார் பெரியப்பா. கூட்ஸ் வண்டி வருகிறது, கரித்தூள் பறக்கும் என்று தன் பக்கத்துக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு அவர் இறங்கி வெளியே போய் நின்றுகொண்டார். நாங்கள் உள்ளே.

கூட்ஸ் வரவே இல்லை. பெரியம்மா கண்ணாடியைத் தட்டினாள். "ஏங்க, இந்த ஜன்னலக் கொஞ்சம் தெறங்க. மூச்சு முட்டுது." அவர் வெளியே நின்றபடி, இருக்கட்டும் இருக்கட்டும் என்று கையைக் காட்டினார். பெரியம்மா மறுபடி தட்டினாள். அப்புறம் தட்டவில்லை. தலை என் தோளில் வந்து விழுந்தது. அது தூக்கமில்லை என்று எனக்குத் தெரிந்தது. கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தேன், வாந்திதான் வந்தது. மெரூன் கம்பளத்தின் மேலேயே.

கேட்டருகே நுங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாதான் பார்த்தாள். கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கதவைப் பிடித்து இழுத்தாள். "யோவ், இன்னாய்யா மன்சன் நீ! புள்ளத்தாச்சி மூஞ்சி ஒரு மாதிரியா கீது, வெளிய நின்னு வேடிக்க பாத்துகினு கீற!" பெரியம்மாவின் அக்குளில் கைகொடுத்து இழுத்துச் சாலையோரத்தில் படுக்கவைத்து, நுங்குத் தண்ணீரை முகத்தில் அடித்தாள்.

பெரியப்பா பதறித்தான் ஓடிவந்தார். இல்லை என்று சொல்லமாட்டேன். வந்தவர் சொன்ன முதல் வார்த்தையையும் நான் மறக்கவில்லை. "டோர மெதுவா சாத்தும்மா, கீலு போய்டும்." அந்த அம்மாவின் கைப்பிசுக்கு கதவில் ஐந்து விரலாகப் பதிந்திருந்தது. பெரியம்மாவை மறுபடி ஏற்றுவதற்கு முன்னால் அதைத் துண்டால் துடைத்தார்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தை தங்கவில்லை. பையன் என்று யாரோ தாழ்வாரத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்கப்புறம் பெரியம்மாவுக்குக் குழந்தையே உண்டாகவில்லை.

வீட்டில் கூட்டம். பெரியப்பாவின் தங்கை, என் அத்தை, முற்றத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "வாயும் வயிறுமா கீறவ வூட்ல அடங்கி இருந்தாளா? கடல் பாக்கணும், காத்து வாங்கணும்னு ஆட்டம். பாத்துட்டா." பெரியம்மா ஒருநாளும் கடலுக்குப் போகவேண்டும் என்று கேட்டதில்லை. அதைச் சொல்லவேண்டிய மனிதர் பக்கத்தில்தான் நின்றார், மண்ணெண்ணெய்த் துணியால் விரல் இடுக்கைத் துடைத்துக்கொண்டு. உள்ளே பாயில் படுத்திருந்த பெரியம்மாவுக்கு அத்தை சொன்னது கேட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

பெரியப்பா அந்த வாரம் முழுக்க மண்டிக்குப் போகவில்லை. காருக்கடியில் படுத்தே கிடந்தார். சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "பாவம், துக்கத்த எப்படி மறப்பான்? அதுங்கிட்ட போயி படுத்துகினு கெடக்கறான்" என்று என் அம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்குச் சாப்பாடு கொட்டகைக்கே போனது.

எனக்குத் துக்கமெல்லாம் முழுசாகப் புரியவில்லை. ஊருக்குக் கிளம்பும் நாளில் என் டப்பாவைத் தேடினேன். சமையலறை அலமாரியில் இல்லை. கொல்லையில் கிணற்றடிக்குப் பின்னால் போனபோது அந்த மாவு மட்டும் தரையில் குவியலாகக் கொட்டிக் கிடந்தது. கறுப்பாக எறும்பு மொய்த்திருந்தது. டப்பாவைக் காணோம். பெரியப்பாவிடம் போய்க் கேட்டேன். "குப்பைல போட்டாச்சு" என்றார், காருக்கடியிலிருந்து. அத்தை என் முதுகில் ஒன்று வைத்தாள். "எழவு வூட்ல டப்பா கேக்குது பாரு, பேய்!"

மதுராந்தகத்துக்குப் பஸ்ஸில் போனோம். ஜன்னலோரம், முகத்தில் காற்று, புழுதி. வாந்தி வரவில்லை. "எனக்கு ஒண்ணுமே பண்ணலம்மா" என்றேன். "வயித்துல ஒண்ணும் இல்ல, எப்பிடி வரும்?" என்றாள் அம்மா.

பிறகு நானே செங்கல்பட்டில் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற வேலைக்கு வந்தேன். பெரியப்பா வயதாகிக் காரை விற்றார், கண்ணீர் விட்டு விற்றார், பிறகு செத்தும் போனார். பெரியம்மா என்னோடு இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். கார் என்றால் ஏறமாட்டாள். எங்கே போனாலும் ரயில், இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ. யாராவது காரணம் கேட்டால் "எனக்குக் கார் ஆவாது, நான் ராசி கெட்டவ" என்று சாதாரணமாகச் சொல்வாள். கல்யாண வீடுகளில் அவளாகவே பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வாள். வளைகாப்பு வீடு என்றால் வாசலோடு சரி. ஐம்பது வருஷத்துக்கு மேலாக இப்படி.

இனி போன மாதக் கதை. நம் குழுவில் உலவுகிற அந்த வெண்ணெய் நிறக் கார் படத்தை எடுத்த தம்பி அணுபுரத்துப் பக்கத்தில் இருக்கிறானாம். எப்படியோ என்னைக் கண்டுபிடித்துப் போன் செய்தான். "அம்மா, இது உங்க வூட்டு வண்டிதான். முழுசா பிரிச்சி மேஞ்சி ரெடி பண்ணிக்கீறேன். ஞாயித்துக்கெழம மகாபலிபுரத்துல பழைய வண்டிக்காரங்க எல்லாம் கூடுறோம். நீங்க அவசியம் வரணும்." போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். பெரியம்மாவிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

ஒன்றுமே மாறவில்லை. கடலோர விடுதி ஒன்றின் புல்தரையில் இருபது முப்பது வண்டிகள், கடலுக்கு முதுகைக் காட்டி. ஆண்கள் மென்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை பானெட்டில் கைவைத்ததற்கு "ஏய், தொடாத!" என்று அதன் அப்பன் போட்ட சத்தத்தில் அது விறைத்து நின்றது. பெண்கள் தள்ளி நிழலில் உட்கார்ந்து கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலிஷ் நாற்றம் மூக்கில் ஏறியதும் ஓரமாகப் போய் ஒருமுறை எடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

தம்பி நல்ல பிள்ளை. அதையும் சொல்லிவிடவேண்டும். நாற்காலி போட்டு, மோர் கொடுத்து உபசரித்தான். அவனுக்கு ஒரு பழக்கமாம், வண்டியிலிருந்து கழற்றிய எதையும் எறிவதில்லை. கண்ணாடி போட்ட ஒரு பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தான். "இத பாருங்கம்மா, பின்ஜன்னல் கைப்பிடி. புதுசு மாதிரியே கீது. கை படவேயில்ல. எவ்ளோ அருமையா வச்சிருந்திருக்காரு பாருங்க!" நான் மோரைக் கீழே வைத்துவிட்டேன்.

"இது இன்னும் சூப்பரு" என்று ஒரு தகரத் துண்டை எடுத்தான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, மேலே கறுப்புப் பெயிண்ட். ஓரமெல்லாம் ரிவிட் ஓட்டைகள், தையல் போட்டதுபோல் ஒரே அளவில். "பின்சீட்டு காலடியில, கம்பளத்துக்குக் கீழ, தரையில பெரிய ஓட்டைம்மா. துருப்பிடிச்சிக் கீது. நேர் கீழ சைலன்சர் பைப்பு ஜாயின்ட்டுல ஒடஞ்சி, பொகையெல்லாம் உள்ளதான் வந்திருக்கும். முன்ன ஒரு கண்ணாடி தொறந்திருந்தா இன்னும் ஜாஸ்தியா இழுக்கும். பின்னால ஒக்காந்தவங்க கதி அவ்ளோதான். நல்லவேள, யாரோ கண்டுபுடிச்சி பைப்புக்குப் பட்டி போட்டு இறுக்கி, ஓட்டைக்கு இத்த அடிச்சிக்கீறாரு. வேலைய பாருங்க. இன்னிக்கி எவன் இப்பிடி ரிவிட் அடிப்பான்?"

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் பெயிண்ட் இல்லை. ஊதாத் தகரம். மஞ்சள் கொடி. கிளியின் பாதி உடம்பு, அதன் வாயில் ஒரு சிவப்புப் பழம்.

நான் டாக்டர் இல்லை. அந்தப் புகையால்தான் குழந்தை போனது என்று சத்தியம் செய்யமாட்டேன். அவருக்கும் உறுதியாகத் தெரிந்திருக்காது. ஆனால் அந்த வாரம் கம்பளத்தில் இருந்த என் வாந்தியைக் கழுவுவதற்காக அதைத் தூக்கியிருக்கிறார். ஓட்டையைப் பார்த்திருக்கிறார். பைப்பைப் பார்த்திருக்கிறார். உள்ளே வந்து, பாதி மாவு இருந்த டப்பாவை எடுத்துப்போய்க் கிணற்றடியில் கொட்டி, கத்திரியால் வெட்டி, ஓரம் மடித்து, அளவெடுத்து, அழகாக அடித்திருக்கிறார். துக்கம் என்று நாங்கள் சோறு கொண்டுபோய்க் கொடுத்தது இதற்குத்தான். கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்தில் நின்று தங்கை பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்ததும் இதற்கப்புறம்தான். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் அவளோடு ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டார்! தூ.

"இத எனக்குக் குடுப்பா" என்றேன்.

தம்பியின் முகம் மாறியது. "அம்மா... அது வண்டியோட ஒரிஜினல் பீஸு. செட்டுல ஒண்ணு கொறஞ்சா..." நான் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தான், பாவம். அப்புறம் யாரோ அவன் வண்டிமேல் சாய்கிறார்கள் என்று திரும்பி ஓடிவிட்டான்.

பெரியம்மா எங்கள் வீட்டில் எப்போதும் உட்காருகிற இடத்தில், திறந்த ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தாள். தகரத்தை மடியில் வைத்தேன். கண் சரியாகத் தெரியாது, விரலால் தடவினாள். கிளியின் மேல் விரல் வந்ததும் நின்றது. குனிந்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"இந்த டப்பாவ ஒனக்குத் தரேன்னு சொல்லியிருந்தேன்ல? எங்க கெடந்துச்சு?"

சொன்னேன். எல்லாவற்றையும், மெதுவாக, ஒன்றுகூட விடாமல். அவள் பெரியப்பாவைத் திட்டவில்லை. நான்தான் திட்டினேன், வாய்க்கு வந்தபடி. என் சத்தம் ஓய்ந்ததும் கேட்டாள். "அப்ப நீ வாந்தி எடுத்தது, இட்லி துன்னு இல்ல?"

"இல்ல பெரியம்மா. பொகை."

வெகுநேரம் தகரத்தின் ஓரத்து ஓட்டைகளை ஒவ்வொன்றாக நகத்தால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் இல்லியா?"

"நீ இல்ல பெரியம்மா."

அவளுக்கு இப்போது மறதி அதிகம். காலையில் காபியைக் கையில் கொடுத்ததும், ஏதோ புதிதாக நினைவுக்கு வந்தவள்போல் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள், "நான் இல்லியா?" என்று. தினமும் கேட்கிறாள். இன்றைக்கும் கேட்டாள். நீ இல்லை என்றேன்.